மேல் காசுக்கு இன்னொரு முறை கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் ஆசிரியை. கணவர் அரச எழுதுநர். இருவர் சம்பளமும் கைக்கு 168,000 ரூபாய் வருகிறது. செலவு போக மாதம் 20,000 மிஞ்சும். 2023 ஏப்ரலில் கணவரின் தங்கை வீட்டுக் கூரைக்காக என் 5 பவுண் நகையை (3 பவுண் சங்கிலி, 2 பவுண் காப்பு) வங்கியில் அடகு வைத்து 350,000 எடுத்தோம். 2024இல் வட்டியைக் கட்டாமல் அதே நகையைத் திருப்பி வைத்து 500,000 ஆக்கினோம். 2025இல் 750,000. கடைசியாக எடுத்த காசில் முன் விறாந்தையை மாற்றினேன். செற்றியை எடுத்துவிட்டுத் தரையில் சாய்ந்து இருக்கிற மாதிரி, துருக்கியின் பழைய கிலிம் நெசவில் தைத்த பெரிய தலையணைகள் ஆறு வாங்கினேன். சித்தியின் மகள் கொழும்பில் இறக்குமதி செய்து விற்கிறாள். பழைய நெசவு என்பதால் விலை ஏறும், அது ஒரு முதலீடு என்கிறாள். இப்போது தவணை வருகிறது. தங்கம் ஏறியிருப்பதால் 1,150,000 வரை தரலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்துக்குச் சுவிஸிலிருந்து மச்சான் குடும்பம் வருகிறது. அதற்குள் பெரிய விரிப்பு, தாழ்ந்த மேசை, திரைச்சீலை, வர்ணம் எல்லாம் முடிக்க 310,000 தேவை. அதே நகைக்குக் கடனைக் கூட்டி மேல் காசு எடுக்கலாமா, அல்லது சித்தி மகள் சொல்வதுபோல் வட்டியில்லாத மூன்று தவணையில் வாங்கலாமா? சேமிப்பில் 160,000 இருக்கிறது; அதைத் தொட மனமில்லை.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் தலையணையைப் பற்றி இருந்தது. இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் அதையே குற்றமாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குற்றமாகத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்து, கடற்காற்று வருகிற விறாந்தையில் காலை நீட்டிச் சாய ஓர் இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. உங்களைக் கடிப்பது வேறு. அதைக் கணக்கில் பாருங்கள்.

2023இல் எடுத்த 350,000க்கு 18 வீதப்படி முதல் வருட வட்டி 63,000. 500,000க்குத் திருப்பி வைத்தபோது உங்கள் கைக்கு வந்தது 87,000 மட்டுமே. 2025இல் 14 வீதப்படி வட்டி 70,000; 750,000க்கு வைத்து 180,000 பெற்றீர்கள். இந்த வருடம் 12 வீதப்படி 90,000. ஆக, மூன்று தடவையிலும் கைக்கு வந்தது 617,000. நீங்கள் கட்டவேண்டியது 840,000. இடையில் உள்ள 223,000 முழுவதும் வட்டி. அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் பையிலிருந்து போகவில்லை என்பதால்தான் வலி தெரியவில்லை. வட்டியை நகையே கட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். மச்சாளின் கூரைக்குக் கொடுத்த 350,000ஐ மட்டும் தனியாக எடுத்து அதே வட்டிகளில் ஓட்டினால் இன்று சுமார் 527,000 வருகிறது. விறாந்தைக்குப் போனது, கடைசி வருட வட்டியோடு சேர்த்து, இரண்டு இலட்சம் அளவில். தலையணைக்காகக் கண் கலங்கி எழுதிய நீங்கள் கூரையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது திரும்ப வருமா, எப்போது வரும் என்று ஒரு சொல்லும் இல்லை.

தங்கம் ஏறும்போதெல்லாம் அடகுக் கடனையும் ஏற்றுவது, இதுதான் விடவேண்டிய பழக்கம். 2025இன் பிற்பகுதியில் பவுண் மூன்று இலட்சத்தைத் தாண்டியபோது உங்களைப்போல் பலர் தமக்குக் காசு கிடைத்துவிட்டதாக நினைத்தார்கள். வங்கி உங்களுக்கு எதையும் பரிசாகத் தரவில்லை. உங்கள் நகையின் ஏற்றத்தை உங்களுக்கே வட்டிக்குத் தருகிறது. 2013இல் உலகச் சந்தையில் தங்கம் கால்பங்குக்கு மேல் விழுந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். விலை உச்சியில் நின்றபோது அளவுக்கு மேல் எடுத்தவர்களுக்கு நகையின் பெறுமதியை விடக் கடன் பெரிதாகி, மீட்பதில் அர்த்தமில்லாமல் போனது. எத்தனையோ வீட்டுத் தாலிக்கொடிகள் ஏலத்துக்குப் போயின. 1,150,000க்கு நீங்கள் கையெழுத்து வைத்தால் மாத வட்டி மட்டும் 11,500. நீங்கள் சொல்லும் மிச்சத்தில் பாதிக்கு மேல் அதற்கே சரி.

அந்த மிச்சத்தைப் பற்றியும் ஒன்று கேட்கவேண்டும். மாதம் 20,000 என்றால் மூன்று வருடத்தில் 720,000 சேர்ந்திருக்கவேண்டும். சேமிப்பில் இருப்பது 160,000. எங்கே போனது என்று நான் தோண்டவில்லை. கலியாணவீடு, செத்தவீடு, கோயில் என்று நம் பக்கத்தில் காசு போகும் வழிகள் எனக்கும் தெரியும். ஆனால் கீழே உள்ள கணக்கை 15,000க்குத்தான் போடுகிறேன்.

மூன்று தவணை யோசனையை உடனே விட்டுவிடுங்கள். 310,000ஐ மூன்றாகப் பிரித்தால் மாதம் 103,000க்கு மேல். 15,000 மிஞ்சுகிற வீட்டில் அது எங்கிருந்து வரும்? இரண்டாவது மாதமே மறுபடி அடகுக்கடைக்குத்தான் போவீர்கள். வட்டியில்லை என்ற பேச்சும் முழுதாகச் சரியல்ல. இப்படியான தவணைகளை நடத்தும் நிறுவனத்துக்குக் கடைக்காரர் ஒரு கழிவு கொடுக்கிறார், அது விலையில் ஏறியிருக்கும். தவணை பிந்தினால் தண்டம் உங்கள் தலையில் விழும். முதலீடு என்ற சொல்லையும் சோதித்துப் பாருங்கள். நீங்கள் 18,500க்கு வாங்கிய ஒரு தலையணையை இன்று சித்தியின் மகளிடம் கொண்டுபோய், என்ன விலைக்குத் திருப்பி எடுப்பாய் என்று கேளுங்கள். அவள் சொல்லும் விலைதான் அதன் விலை.

கிலிம் என்பது கம்பளத்தைப்போல் மேலே நூல் மயிர் நிற்காத தட்டை நெசவு. தேய்ந்த பழைய விரிப்புகளில் நல்ல பகுதியை வெட்டி எடுத்துத்தான் இந்த உறைகளைத் தைக்கிறார்கள். இரண்டு நிறம் சந்திக்கும் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தால் பல இடங்களில் சிறு பிளவு தட்டுப்படும். அந்தப் பிளவு பழுது அல்ல, நெசவின் முறையே அப்படித்தான். அழகான பொருள். ஆனால் பெரும்பாலும் கம்பளி. கார்த்திகை, மார்கழி மழையில் நம் வீடுகளில் சுவரே வியர்க்கும். கம்பளி ஈரத்தை இழுத்து மணக்கத் தொடங்கும், பூச்சியும் வரும். வெயில் கண்ட நாளில் எல்லாம் வெளியே எடுத்துத் தட்டிக் காயவைக்கவேண்டும். ஆறு தலையணைக்கே இந்தப் பாடு என்றால், ஒரு பெரிய கம்பளி விரிப்பை அதே தரையில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விறாந்தையை இனி நிரப்ப விரும்பினால் நல்ல பன்பாய் ஒன்றை விரியுங்கள். மருதமுனைக் கைத்தறித் துணியில் இரண்டு மூன்று உறை தைத்து இலவம்பஞ்சு அடைத்துக்கொள்ளுங்கள். துருக்கி நெசவின் சிவப்புக்கும் நீலத்துக்கும் பக்கத்தில் அது தோற்காது. உறையைக் கழற்றிக் கழுவலாம். செலவை 20,000க்குள் நிறுத்துங்கள், அதையும் தீர்த்தத்துக்கு முந்திய மாதச் சம்பளத்தில் செய்யுங்கள். சுவிஸிலிருந்து வருகிறவர்கள் பாயில் இருந்து சாப்பிட ஆசைப்பட்டுத்தான் ஊருக்கு வருகிறார்கள்.

இனி நகைக்கு வருகிறேன். நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும்: காப்பை விற்றுவிடுங்கள்.

அம்மா போட்டது, மகளுக்கு என்று வைத்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகும் இதையே சொல்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது. இப்படியே வருடா வருடம் ஏற்றிக்கொண்டு போனால் அவளுக்கு நீங்கள் கொடுக்கப்போவது நாலாக மடித்த ஓர் அடகுச் சீட்டு. இரண்டு பவுணை விட்டால் மூன்று பவுண் அவளுக்கு மிஞ்சும்.

செய்முறை இது. தவணை நாளுக்கு முன் வங்கிக்குப் போய்ச் சங்கிலியையும் காப்பையும் இரண்டு சீட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து பவுணுக்கு 1,150,000 தருவதாகச் சொன்ன அதே கணக்கில் மூன்று பவுண் சங்கிலிக்கு 690,000 வரை தருவார்கள். 840,000இல் அதைக் கழித்தால் கையிலிருந்து போடவேண்டியது 150,000. உங்கள் சேமிப்பு அந்த ஒரு நாளுக்குத்தான் தேவை. காப்பு கைக்கு வந்ததும் குறைந்தது மூன்று கடைகளில் நிறுத்து விலை கேளுங்கள். தேய்மானம், கழிவு எல்லாம் போகப் பவுண் 300,000 என்று வைத்தால் 600,000 வரும். அதில் 150,000ஐச் சேமிப்பில் திரும்பப் போட்டுவிட்டு 450,000ஐ அன்றே சங்கிலிச் சீட்டில் கட்டுங்கள். மிச்சக் கடன் 240,000. மாதம் 15,000 பகுதி பகுதியாகக் கட்டினால் ஒன்றரை வருடத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். அடகு நகையை நாங்களே மீட்டு வாங்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். காசை அவர்கள் கட்டிய பிறகு விலையைப் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

மச்சாளிடம் கேட்பதுதான் உங்களுக்கு இதையெல்லாம் விடக் கடினம் என்று தெரிகிறது. நீங்கள் கேட்கவேண்டாம், கணவர் கேட்கட்டும். அது அவர் தங்கை. அவர்களுக்குப் படுவான்கரையில் வயல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கையில் இருக்கும் நேரம் இதுதான். 527,000 என்று வட்டிக் கணக்கைக் காட்டி மனதை நோகடிக்கவேண்டாம். 350,000ஐப் போகத்துக்கு ஒரு தொகையாக, நாலு போகத்தில் தரச் சொல்லுங்கள். பேசியதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி இரு வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். மழை மோசமாகி ஒரு போகம் பிழைத்தால் அந்தத் தவணையை விட்டுக்கொடுங்கள். வரும் காசு ஒவ்வொன்றும் நேரே சங்கிலிச் சீட்டுக்குப் போகவேண்டும்.

சீட்டைப் பிரித்ததும் புதிய சீட்டில் உள்ள வட்டி வீதத்தையும் தவணைத் திகதியையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். காப்பை விற்பதற்கு முன் அனுப்பினால் நல்லது. கணக்கை இன்னொரு முறை சரிபார்த்துத் தருகிறேன்.