டொயோட்டா அமெரிக்காவில் டீசல் பிக்கப் விற்க வேண்டுமா?

அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து டீசல் பிக்கப் பற்றி நிறைய கேள்விகள் சேர்ந்துவிட்டன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உலகம் முழுக்க ஹைலக்ஸ் டீசலில் ஓடுகிறது. அமெரிக்கர்களுக்கு மட்டும் டொயோட்டா அதைத் தர மறுப்பது ஏன்? தரச் சொல்லி நீங்களாவது எழுதுங்களேன் சார். (டாலஸ் வாசகர்)

ஹைலக்ஸ் மீது எனக்கும் ஆசை உண்டு. ஆனாலும் அப்படி எழுத மாட்டேன். டொயோட்டாவின் முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

முதல் தடை வரி. 1960களில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு இறக்குமதி வரியை ஏற்றின. பதிலடியாக அதிபர் ஜான்சன் இலகுரக டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டார். 1964இல் நடைமுறைக்கு வந்த அந்த ‘கோழி வரி’ இன்றுவரை போகவில்லை. தாய்லாந்தில் செய்த ஹைலக்ஸைக் கப்பலேற்றி அங்கே கொண்டுபோனால் கட்டுப்படியாகாது.

சரி, டெக்சாஸ் ஆலையிலேயே டீசல் வண்டி செய்யலாமே என்பீர்கள். அங்கேதான் அடுத்த தடை. ஐரோப்பாவின் யூரோ 6 மாசு விதிப்படி டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். பெட்ரோல் காருக்கு 60தான். அமெரிக்காவில் டீசலுக்கு இந்தச் சலுகை கிடையாது. எரிபொருள் எதுவானாலும் ஒரே வரம்பு, அதுவும் ஐரோப்பாவைவிடக் கடுமையானது. அதைத் தொட வேண்டுமானால் புகை வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் யூரியா தெளிப்பு, சென்சார்கள் என்று ஒரு சிறு ரசாயன ஆலையையே வண்டிக்கு அடியில் மாட்ட வேண்டும். அத்தனைக்கும் காசு வாங்குபவர் தலையில்தான் விழும்.

இவ்வளவு செலவழித்து டீசலில் நாம் தேடுவது இழுவையைத்தானே? ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் தரும் டார்க் 500 நியூட்டன் மீட்டர். டொயோட்டாவே அமெரிக்காவில் விற்கும் டகோமா ஹைபிரிட் பிக்கப் சுமார் 630 தருகிறது. அதற்கு யூரியாவும் வேண்டாம், புகை வடிகட்டியும் வேண்டாம். 1980களில் டொயோட்டா அங்கே ஒரு சிறிய டீசல் பிக்கப்பை விற்றுத்தான் பார்த்தது. அன்றைக்கு ஹைபிரிட் இல்லை, இன்றைக்கு இருக்கிறது.

கேள்வி: மற்ற கம்பெனிகள் விற்றனவே, அவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது?

பலருக்கு முடியவில்லை. ஃபோர்டு எஃப்-150இல் 3 லிட்டர் டீசல் 2018இல் வந்து 2021இல் நின்றது. நிசான் டைட்டன் எக்ஸ்டி, கம்மின்ஸ் என்ற எஞ்சின் கம்பெனியின் டீசலோடு வந்தது, அதுவும் 2019 மாடலோடு சரி. ராம் 1500 ஈகோடீசல் 2023இல் முடிந்தது. ‘அரை டன்’ எனப்படும் இலகுவான முழு அளவுப் பிக்கப் பிரிவில் இன்று தாக்குப்பிடித்து நிற்பது ஜெனரல் மோட்டார்ஸின் 3 லிட்டர் டியூராமேக்ஸ் மட்டும்தான். நல்ல எஞ்சின், மனதாரச் சொல்கிறேன்.

இன்னொரு கசப்பான விஷயமும் உண்டு. 2014 முதல் 2016 வரையிலான மாடல் ராம் 1500, ஜீப் கிராண்ட் செரோகி டீசல் வண்டிகள் சுமார் 1,04,000 தொடர்பாக அவற்றைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லர் 2019இல் அரசோடு சமரசம் செய்துகொண்டது. பெரிய ராம் டிரக்குகளின் எஞ்சினுக்காக கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. இரண்டிலும் குற்றச்சாட்டு, மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள். சட்டத்துக்கு உட்பட்டு நேர்மையாகச் செய்வது எவ்வளவு கடினம் என்பது இதிலேயே தெரிகிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் வண்டி வாங்கியவர்கள் மட்டும் அல்லவே!

கேள்வி: அலுவலகம் 6 மைல். வாரக்கடைசியில் கடைகண்ணி. பழைய டீசல் பிக்கப் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

வேண்டாம். டீசலின் கரித்துகள் வடிகட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். சைலன்சர் பாதை நன்றாகச் சூடேறினால்தான் அது எரிந்து சாம்பலாகி வடிகட்டி சுத்தமாகும். 6 மைலில் எஞ்சினே முழுதாகச் சூடாகாது. அப்படி ஓடிய வண்டி ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். யூரியா மூடியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் படிகம், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் பாதியில் நின்றுபோன சுத்திகரிப்பின் சூடும் தீய்ந்த வாடையும் போகவில்லை. வடிகட்டியை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாகும்.

புது வண்டி வாங்கினாலும் கணக்கு இடிக்கிறது. அதில் டீசலுக்குக் கூடுதல் விலை 2,500 டாலர், பெட்ரோல் வண்டி கேலனுக்கு 20 மைல், டீசல் 26 மைல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 3.20 டாலருக்கும் டீசல் 3.80க்கும் விற்றால், ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவருக்கு மிச்சம் 170 டாலர்கூட வராது. போட்ட பணத்தை எடுக்க 15 ஆண்டு!

கேள்வி: மஹிந்திரா அமெரிக்காவில் டீசல் பிக்கப் விற்கப்போவதாகச் சொன்னார்களே, என்ன ஆயிற்று?

2.2 லிட்டர் டீசல் பிக்கப்புக்கு 2010இல் மாசுச் சான்றிதழ்கூட வாங்கிவிட்டார்கள். அதற்குள் அங்கிருந்த விநியோகஸ்தரோடு உறவு முறிந்து வழக்கில் போய் நின்றது. வண்டி கடைக்கு வரவே இல்லை. எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கேள்வி: நாங்கள் ஓய்வு பெற்ற தம்பதி. பிக்கப்பின் பின்தட்டிலேயே கொக்கி போட்டு மாட்டும் 12,000 பவுண்டு ‘ஃபிஃப்த் வீல்’ டிரெய்லரை இழுத்துக்கொண்டு கொலராடோ மலைகளில் சுற்ற ஆசை. எங்களுக்கும் டீசல் வேண்டாமா?

உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். டீசல் உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அந்த மெல்லிய காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். டர்போ டீசல் அந்த அளவுக்குத் தளராது. என் கவலை ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான். பெரிய டீசல் டிரக்குகளில் ‘எக்ஸாஸ்ட் பிரேக்’ உண்டு. பொத்தானை அழுத்தினால் டர்போவின் இதழ்கள் குறுகிப் புகையை மறிக்கும், எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். பிரேக் தட்டுகள் சூடேறிக் கைவிடாமல் இறங்கிவிடலாம்.

ஆனால் அரை டன் வண்டி போதாது. ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் எடையில் ஏறக்குறைய 20 சதவீதம் பிக்கப்பின் முதுகில் உட்காரும். உங்கள் கணக்கில் 2,400 பவுண்டு. அதோடு நீங்கள் இருவர், சாமான்கள், கொக்கியின் எடை. டீசல் எஞ்சினே கனமானது, அதுவும் வண்டியின் தாங்கும் அளவைத் தின்னும். எனவே அதற்கு மேலான ‘முக்கால் டன்’ அல்லது ‘ஒரு டன்’ பிரிவில் பார்க்க வேண்டும், டீசலுக்கு மட்டும் ஏறக்குறைய 10,000 டாலர் கூடும். இந்த எடைப் பிரிவுக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் விலைச் சீட்டில் மைலேஜ் போட வேண்டும் என்ற விதி கிடையாது, விற்பவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். விலை பேசும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த வண்டி எத்தனை பவுண்டு சுமக்கும் என்று படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் வண்டிக்கு வண்டி அந்த எண் மாறும்.