36 மாடுகளுக்கு எவ்வளவு பெரிய சாண எரிவாயுக் கலன் வேண்டும்?

கேள்வி: வணக்கம் ஐயா. பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் அப்பா காலத்து மாட்டுப் பண்ணையை நடத்தி வருகிறேன். மொத்தம் 36 உருப்படி. கறவை 20, வற்றிய மாடு 6, மற்றவை கிடாரியும் கன்றும். காலை ஒன்பது மணிக்குச் செம்பனைத் தோட்டத்தில் மேய விட்டு நாலு மணிக்குத் திருப்பி ஓட்டி வருவோம். இரண்டு வேளையும் பைப்பு வைத்துக் கொட்டகையைக் கழுவுகிறோம். அந்தத் தண்ணீர் பின்பக்கக் கால்வாயில் போகிறது. புதிதாக வந்த தாமான் குடியிருப்புக்காரர்கள் நாற்றம் என்று புகார் கொடுத்துவிட்டார்கள். சாண எரிவாயுக் கலன் போட்டுக் கரண்டு எடுத்தால் கறவை இயந்திரமும் பால் குளிரூட்டியும் ஓடும், நாற்றமும் தீரும் என்று நினைக்கிறேன். பக்கத்து செம்பனை எண்ணெய் ஆலையில் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். எனக்கு 50 கன மீட்டர் கலன் போதும் என்கிறார் ஒரு விற்பனையாளர். போதுமா?

பதில்: வணக்கம் தம்பி. நீங்கள் சாணத்தைக் கூட்டி அள்ளினால் 50 கன மீட்டர் தாராளம். இப்போது போலவே பைப்பு வைத்துக் கழுவித் தள்ளினால் அதே கலன் போதாது. மாட்டின் எண்ணிக்கையைவிட உங்கள் தண்ணீர்ப் பைப்புதான் கலனின் அளவைத் தீர்மானிக்கிறது. விற்பனையாளர் அதைப் பற்றிக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வளர்ந்த கலப்பின மாடு ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோ சாணம் போடும். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 26 பெரிய மாடுகளுக்கு 520 கிலோ, கிடாரி கன்றுகளுக்கு ஒரு 70 கிலோ. ஆனால் ஏழு மணி நேரம் அவை செம்பனைக்கு அடியில் நிற்கின்றன. அங்கே விழும் சாணம் உங்கள் கைக்கு வராது. கொட்டகையில் கிடைப்பது சுமார் 400 கிலோ.

இதில் சரிக்குச் சரி தண்ணீர் கலந்தால் நாளைக்கு 800 லிட்டர் கரைசல். அதில் திடப்பொருள் ஒன்பது சதவீதம் அளவில் இருக்கும். கலனுக்குள் காற்றில்லாமல் சாணத்தைச் செரித்து வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய நல்ல பக்குவம் அதுதான். நம் ஊரில் ஆண்டு முழுக்க வெப்பம் ஒரே சீராக இருப்பதால் கலனைச் சூடேற்றத் தேவையில்லை. கரைசல் 40 நாள் உள்ளே தங்கினால் போதும். 800 லிட்டரை 40 நாளால் பெருக்கினால் 32 கன மீட்டர். வாயு நிற்கவும் இடம் வேண்டும். ஆக 50 சரி.

இனி இப்போதைய நிலைமையைப் பாருங்கள். ஒரு கறவைக்கு நாளைக்கு 100 லிட்டர் கழுவுநீர் என்றாலே 2,000 லிட்டர். சாணத்தோடு சேர்ந்து 2,400. திடப்பொருள் மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிடும். 50 கன மீட்டர் கலனில் அது 21 நாள்கூடத் தங்காது. சாணம் பாதி செரித்தபடியே வெளியே வரும். வாயு குறையும், நாற்றமும் போகாது. கலனே சரியில்லை என்று பழி போடுவீர்கள்.

எனவே முதலில் சிமெண்டுத் தரையை ரப்பர் பட்டை வைத்த தள்ளுகோலால் கூட்டி, சாணத்தை அள்ளிக் கலப்புத் தொட்டியில் போடுங்கள். அதன் பிறகு கழுவுங்கள். அந்தத் தண்ணீரைத் தனித் தொட்டிக்குத் திருப்பி, மறுநாள் சாணம் கரைக்க வேண்டிய 400 லிட்டரை அதிலிருந்தே எடுங்கள். மிச்சத்தைப் புல்லுக்கு விடலாம். கூரைத் தண்ணீரையும் பிரிக்க வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். பேராக்கில் அது ஒரே மாலையில் பெய்துவிடும்.

கறவை இயந்திரம் கழுவும் காரமும் அமிலமும், கிருமிநாசினியும் கலனுக்குள் போகக் கூடாது. மடிநோய்க்கு ஆண்டிபயாட்டிக் போட்ட மாட்டின் சாணத்தையும், பாலை ஒதுக்கி வைக்கும் நாள்வரை ஒதுக்கி வையுங்கள். வாயு உண்டாக்குவதும் நுண்ணுயிர்கள்தான். மருந்து ஆள் பார்த்துக் கொல்லாது.

எண்ணெய் ஆலையை உங்கள் பண்ணையோடு ஒப்பிட வேண்டாம். ஆலைக் கழிவுநீர் 80, 90 பாகை சூட்டில், செரிக்காத எண்ணெயும் சத்துமாக வருகிறது. ஒரு டன்னில் ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு எடுக்கிறார்கள், அதுவும் நூற்றுக்கணக்கான டன்னில். சாணமோ மாட்டு வயிற்றில் ஒருமுறை செரித்த மிச்சம். உங்கள் 400 கிலோவுக்கு நாளைக்கு 15 கன மீட்டர் அளவில் கிடைக்கும்.

அதை வைத்துக் கரண்டு எடுக்கலாமா? சிறிய ஜெனரேட்டரில் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் கிடைத்தாலே நல்லது. மொத்தம் 22, 23 யூனிட். கறவை இயந்திரத்துக்கும் குளிரூட்டிக்கும் அது போதும். ஆனால் நீங்கள் இப்போது அவற்றுக்குக் கட்டும் கரண்டுப் பில்லைப் பாருங்கள், அப்புறம் ஜெனரேட்டரின் விலையையும் பராமரிப்பையும் பாருங்கள். சாண வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை அரித்துவிடும். நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் (SEDA) வழியாக மின்சாரம் விற்பதும் இந்த அளவுக்குப் பொருந்தாது. என் கருத்து, உங்கள் பண்ணைக்குக் கரண்டு வேண்டாம். வாயுவை அடுப்பிலேயே எரித்துப் பயன்படுத்துங்கள்.

பால் பாத்திரமும் கறவைக் குழாயும் கழுவ 200 லிட்டர் வெந்நீர் போட நாலு கன மீட்டர் போகும். ஆறு பேர் குடும்பச் சமையலுக்கு இரண்டு. மீதி ஒன்பதை என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள். என்னைக் கேட்டால் பாலைக் காய்ச்சித் தயிரும் நெய்யுமாக விற்பதைச் சொல்வேன். கோயிலும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும் ஊரில் அதற்கு வாடிக்கை கிடைக்கும், எரிபொருள் செலவும் இல்லை. எதற்கும் பயன்படாத வாயுவை அப்படியே காற்றில் விடாதீர்கள், எரித்துவிடுங்கள். சாண வாயுவில் உள்ள மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு புவியைச் சூடேற்றுவது.

லாபக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 15 கன மீட்டர் வாயு ஆறரை கிலோ சமையல் வாயுவுக்குச் சமம், அதாவது இரண்டு நாளைக்கு ஒரு 14 கிலோ எரிவாயுத் தோம்பு (சிலிண்டர்). மானிய விலையில் அதற்கு 27 ரிங்கிட்கூட ஆகாது. வாயுவை மட்டும் நம்பிக் கலன் போட்டால் முதல் திரும்ப நெடுநாள் ஆகும். உங்களுக்கு உண்மையான ஆதாயம், கால்வாயில் சாணத் தண்ணீர் போவது நிற்பதும், வெளியே வரும் கரைசலும்தான். சாணத்தில் இருந்த தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் அதில் இருக்கும், பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவில். நேப்பியர் புல்லுக்குக் காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள். உச்சி வெயிலில் ஊற்றினால் சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். அடைமழை நாளில் ஊற்ற முடியாது. எனவே மூன்று, நாலு வாரக் கரைசல் நிற்க ஒரு மூடிய தொட்டி தேவை. இது இல்லாமல் போடும் கலன் தாமான் பிரச்சினையைத் தீர்க்காது. நாளொன்றுக்கு 800 லிட்டர் உள்ளே போனால் 800 லிட்டர் வெளியே வந்தே தீரும்.

நிலம் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. இதுதான் எனக்குப் பெரிய கவலை. நம்மவர் பண்ணைகள் பல எஸ்டேட் நிலத்தில் வாய்ப்பேச்சு அனுமதியில் இருக்கின்றன, அல்லது டிஓஎல் எனப்படும் தற்காலிக நில உரிமத்தில். அந்த உரிமம் டிசம்பர் 31 வந்தால் முடிந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எஸ்டேட் கைமாறி வீடமைப்புக்குப் போனால் மண்ணுக்குள் கட்டிய சிமெண்டுக் கலனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சொந்தப் பட்டா இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் பை வகைக் கலனையே வாங்குங்கள். ஆயுள் குறைவு, மாடு முட்டாமல் வேலி போட வேண்டும். ஆனால் காலி செய்து மடித்து லோரியில் ஏற்றலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்திலும் கால்நடைத் துறையிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அழுத்தம் கூடினால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வாயு வெளியேற நீர்ப்பூட்டு கட்டாயம். குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு வால்வு வையுங்கள். ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்க, அடுப்புக்கு முன்னால் துருப்பிடித்த இரும்புச் சீவல் அடைத்த வடிகட்டி வேண்டும். கடைசல் பட்டறையில் சீவல் கிடைக்கும். பழைய சீவலை வெளியே எடுத்தால் காற்றுப் பட்டுச் சூடேறும், நனைத்துப் பரப்புங்கள். முதல் மூன்று, நாலு வாரத்தில் வரும் வாயு சரியாக எரியாது, காற்றும் கலந்திருக்கும். எரிகிறதா என்று பார்க்கக் குழாய் வாயில் யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

கலப்புத் தொட்டியிலோ கலனிலோ யாரும் இறங்கவே கூடாது, ஒருவர் விழுந்தாலும் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் அழுகல் நாற்றமே தெரியாது, சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். தொட்டிக்குப் பூட்டுப் போட்ட கம்பி மூடி போடுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும்.

ஒரு வாரம் சாணத்தை நிறுத்துப் பாருங்கள். அளவு தெரிந்த ஒரு தண்ணீர் டிரம் பைப்பில் நிறைய எத்தனை நிமிடம், ஒரு வேளைக்கு எத்தனை நிமிடம் கழுவுகிறீர்கள் என்பதையும் குறித்து, நில விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். கலனின் நீள அகலத்தைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.