வாலிபர் ஐக்கியத்துக்கு வயது தாண்டிவிட்டது, பெண்கள் ஐக்கியத்தில் ஒட்டவில்லை

கேள்வி: எனக்கு 36 வயது, திருமணம் ஆகவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து, ஒரு சிஎஸ்ஐ சபைக்குப் போகிறேன். வாலிபர் ஐக்கியத்தில் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். பெண்கள் ஐக்கியத்தில் பேச்சு முழுக்கப் பிள்ளைகள், மாமியார் என்றே போகிறது. ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீடு திரும்புகிறேன். திருமணமாகாதவர்களுக்கென்றே சில சபைகளில் குழு இருக்கிறதாமே, சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள் சகோதரி. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம், அப்புறம் கல்யாணம், குடும்ப ஐக்கியம் என்றுதான் நம் சபைகள் வரிசை போட்டு வைத்திருக்கின்றன. இடையில் நிற்பவருக்கு அதில் இடமே இல்லை. இத்தனைக்கும் பவுல், தன்னைப்போல மணமாகாமல் இருந்துவிடுவதும் நல்லது என்று வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 7-ல் எழுதியவர். 1901 முதல் உங்கள் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேலும் வேலூரில் மருத்துவப் பணி செய்த ஐடா ஸ்கடரும் மணம் செய்துகொள்ளவில்லை. அவர்களைப் பிரசங்கத்தில் புகழ்வோம், பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் மட்டும் "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்போம்.

சரி, குழுவுக்கு வருவோம். இப்படிப்பட்ட குழுக்கள் பெரும்பாலும் நகரத்தின் பெரிய ஆங்கில ஆராதனைச் சபைகளிலும் சுயாதீன சபைகளிலும்தான் இருக்கின்றன. சில இடங்களில் 'யங் அடல்ட்ஸ்' என்று பெயர். இரண்டு மூன்று முறை சும்மா போய்ப் பாருங்கள். பொறுப்பில் பெண்களும் இருக்கிறார்களா, போதகருக்குத் தெரிந்து நடக்கிறதா என்று கவனியுங்கள். வரன் தேடி வருவது தப்பில்லை. ஆனால் அது ஒன்றே நோக்கம் என்றால், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் குழுவில் ஆள் குறையும், மிஞ்சியவர்களுக்கு மனசு கனக்கும். தனியாக வந்தால் ஜெபித்து ஆலோசனை சொல்கிறேன் என்றோ, பண உதவி வேண்டும் என்றோ யாராவது ஆரம்பித்தால் உடனே விலகி, போதகரிடம் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் பாடகர் குழுவில் சேருங்கள். அங்கே நீங்கள் சோப்ரானோவா (மேல் குரல்), ஆல்டோவா (கீழ்க் குரல்) என்பதுதான் கேள்வி. கல்யாணம் ஆனதா என்பது இல்லை. வாராவாரம் பயிற்சி இருக்கும், முடிந்ததும் டீ, அரட்டை. கல்லூரிப் பெண்ணும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் ஒரே வரியைத் தப்பாகப் பாடித் திட்டு வாங்குவார்கள். நெருக்கம் அதில் தானாக வந்துவிடும். டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் போனாலே சபையில் பல வீடுகள் பழகிவிடும். அதற்காக டிசம்பர் வரை காத்திருக்காமல், கிறிஸ்துமஸ் பயிற்சி சூடுபிடிப்பதற்கு முன்பே சேருங்கள். குரல் ஒத்துழைக்காவிட்டால் ஞாயிறு பள்ளி ஆசிரியராகலாம், கோடை விடுமுறையில் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வேலைக்குப் பெயர் கொடுக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று தொடங்கும் கூட்டத்தைவிட, கூடச் சேர்ந்து ஒரு வேலை செய்யும் இடத்தில்தான் கூச்சம் சீக்கிரம் போகும்.

உங்கள் தெருப்பக்கம் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தையும் விடாதீர்கள். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவருபவர் அங்கிருந்துதான் வருவார். கல்லூரியில் ஈயூ என்ற கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் இருந்தவர் என்றால், பட்டதாரிகளுக்கான ஈஜிஎஃப் கூட்டங்களை விசாரியுங்கள்.

எதுவும் சரிப்படவில்லையென்றால் நீங்களே தொடங்கலாம். 'திருமணமாகாதோர் குழு' என்று பெயர் வைத்தால் பாதிப் பேர் வெட்கப்பட்டே வரமாட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு சேர்ந்து மதியச் சாப்பாடு என்று வையுங்கள், போதும். ஹாஸ்டலில் இருக்கும் நர்ஸ், கணவரை இழந்தவர், கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கும் பெண் என்று உங்களைப்போலவே தனியாக வீடு திரும்புகிறவர்கள் அந்தச் சபையிலேயே இருப்பார்கள்.

இன்னொன்று, உங்கள் பெயர் இன்னும் ஊர்ச் சபைப் பதிவேட்டிலேயே இருக்கிறதா? இருந்தால் அங்கிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வந்து, இங்கே சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். பெயர் பட்டியலில் ஏறினால்தான் சபை ஊழியர் வீட்டைத் தேடி வருவார்.