சிடியா, டவுன்லோடா? வாசகர் கேம் கேள்விகள்

கேள்வி: பையன் பிளஸ் டூ முடித்தால் பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி, வாங்கித் தருகிறேன் என்று அவன் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கடையில் விசாரித்தால் இரண்டு விதம் சொல்கிறார்கள், ஒன்றில் சிடி போடலாம், இன்னொன்றில் போட முடியாது, எல்லாம் நெட்டில்தான் வாங்க வேண்டுமாம். சிடி இல்லாதது பத்தாயிரம் குறைவு. அதையே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வேண்டாங்க. பத்தாயிரம் கண்ணுக்குத் தெரிகிற லாபம், போகப் போக கரைந்துபோகிற லாபம்.

மெலிதான பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தது 2024 ஏப்ரலில். சிடி போடுகிற மாடல் 54,990 ரூபாய், போட முடியாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய் என்று அறிமுகமானது. பெரிய கம்பெனி கேம் ஒன்று புதிதாக வரும்போது 4,999 ரூபாய் அளவுக்குப் போகிறது. சரி, நெட்டில் வாங்கினால் பெட்டி இல்லை, லாரி வாடகை இல்லை, கடைக்காரர் கமிஷன் இல்லை, விலை குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இருக்காது. சோனியின் நெட் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் பல நேரம் அதே 4,999தான்.

வித்தியாசம் வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. கதை உள்ள கேமை முப்பது, நாற்பது மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள், அப்புறம் அதைத் தொடவே மாட்டார்கள். சிடி என்றால் அதைக் கடையில் எக்ஸ்சேஞ்ச் போடலாம், விற்கலாம், கூடப் படிக்கிற பையனிடம் கொடுத்து அவன் வைத்திருப்பதை வாங்கிக்கொள்ளலாம். வருஷத்துக்கு நாலு கேம் வாங்கி, ஒவ்வொன்றையும் விற்றால் 2,500 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் வருஷத்திலேயே அந்தப் பத்தாயிரம் வந்துவிட்டது. டிஜிட்டலில் இதற்கெல்லாம் வழியே கிடையாது, அந்த ஒரே ஸ்டோர் சொல்கிற விலைதான் விலை. வீட்டில் பழைய பிஎஸ்4 சிடிகள் இருந்தால் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே சிடி மாடலில் ஓடும், டிஜிட்டல் மாடலில் அவை வெறும் தட்டு.

"இப்போ இதை எடுத்துக்குங்க மேடம், டிரைவ் தனியா வாங்கி மாட்டிக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். மாட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த டிரைவ் இப்போதே கடையில் இருக்கிறதா, என்ன விலை, பில் போட்டுத் தருவார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயம். பையன் எதை விளையாடப் போகிறான் என்று முதலில் அவனிடம் கேளுங்கள். வருஷம் முழுக்க ஒரே கால்பந்து கேம், இல்லை இலவசமாகக் கிடைக்கிற ஃபோர்ட்நைட் மாதிரி ஒன்று, அவ்வளவுதான் என்றால் டிஜிட்டல் மாடல் தாராளமாகப் போதும். அவனைக் கேட்காமல் அவன் அப்பாவே முடிவு பண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: பஸ் பிடித்து வேலூர் போய், புது கேம் சிடி வாங்கி வந்தேன். போட்டவுடன் 40 ஜிபி டவுன்லோட் பண்ணு என்கிறது. வீட்டில் வைஃபை இல்லை, ஒரு நாளைக்கு 2 ஜிபி மொபைல் நெட்தான். கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா?
– எஸ்., குடியாத்தம்

பதில்: பாவம், அவர் மேல் தப்பில்லை தம்பி. 2 ஜிபி கணக்கில் போனால் இருபது நாள் ஆகும், அதுவும் நீங்கள் போனில் ஒரு ரீல்ஸ்கூடப் பார்க்காமல் இருந்தால்.

பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை அடங்கும். ஆனாலும் கேம் டிஸ்க்கிலிருந்து நேராக ஓடுவதில்லை, முதலில் பெட்டிக்குள்ளே இருக்கிற எஸ்எஸ்டி என்கிற சேமிப்பகத்தில் காப்பி ஆகிறது, அப்புறம் அங்கிருந்து ஓடுகிறது. அதற்குப் பிறகு டிஸ்க்குக்கு ஒரே வேலைதான், 'இவர் காசு கொடுத்து வாங்கியவர்' என்று சாட்சி சொல்வது. கம்பெனிக்காரர்கள் டிஸ்க் அச்சாகப் போன பிறகும் கேமைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், அந்தத் திருத்தங்கள்தான் 40 ஜிபியாக உங்கள் தலையில் விழுகின்றன.

முழு கேமும் டிஸ்க்கில் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். பிஎஸ்5-ல் நெட்டைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கைப் போட்டு இன்ஸ்டால் பண்ணுங்கள், திருத்தம் இல்லாத பழைய வடிவம் அப்படியே ஓடும். அங்கங்கே சில கோளாறு இருக்கலாம், விளையாட முடியும். அப்புறம் ஃபைபர் நெட் இருக்கிற நண்பர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். 100 எம்பிபிஎஸ் லைன் ஒழுங்காக வந்தால் 40 ஜிபி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். டீ, பிஸ்கட் செலவு உங்களுடையது.

ஆனால் எல்லா டிஸ்க்கிலும் முழு கேம் இருக்கும் என்று நம்பாதீர்கள். 2022-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-வின் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது ஏறத்தாழ 70 எம்பிதான், மிச்சம் நூறு ஜிபிக்கு மேல் நெட்டில். சில பெட்டிகளில் அந்த டிஸ்க்கும் இல்லை, ஒரு சீட்டில் கோட் நம்பர் மட்டும். நிண்டெண்டோ கம்பெனி 2025-ல் கொண்டுவந்த ஸ்விட்ச் 2 என்கிற கேம் பெட்டியில் இதற்கென்றே ஒரு வகை கார்டு இருக்கிறது, கார்டைச் செருகினால்தான் ஓடும், ஆனால் கார்டுக்குள் கேம் கிடையாது, டவுன்லோட்தான். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் பண்ணுவார்களே, அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். (கோயிலுக்கு மட்டும் 1981-லேயே சாமி திரும்பி வந்துவிட்டார், கிண்டல்தான் இன்னும் போகவில்லை.)

அடுத்த தடவை பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். டவுன்லோட் கட்டாயம், நெட் கட்டாயம் என்று பெரும்பாலும் அச்சடித்திருப்பார்கள். உங்களைப் போல மொபைல் நெட்டை நம்பி இருக்கிறவர்கள் ஒரு வருஷம் பழையதாகிவிட்ட, தனியாக விளையாடுகிற கேம்களை வாங்குவது நல்லது, விலையும் இறங்கியிருக்கும்.

கேள்வி: துபாயில் இருக்கிற மாமு ரம்ஜானுக்கு ஊருக்கு வரும்போது பிஎஸ்5 சிடி வாங்கி வருகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா?
– ஏ., மேல்விஷாரம்

பதில்: ஓடும். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஆனால் அந்த கேமுக்குப் பின்னால் காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் பகுதிகள் உங்கள் இந்திய அக்கவுண்டில் வாங்கினால் துபாய் டிஸ்க்கோடு சேராமல் போகலாம். கிஃப்ட் கார்டு மட்டும் வாங்கி வரச் சொல்லாதீர்கள், அங்கே விற்பது அந்த நாட்டு அக்கவுண்டுக்குத்தான், அக்கவுண்டின் நாட்டை அப்புறம் மாற்றவும் முடியாது. சிடியோடு பேரீச்சம்பழம் கேளுங்கள், அதில் பிரச்சினை இல்லை.

கேள்வி: நான் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவன். நைனாவுக்கு நெட்டில் காசு கட்டினாலே பயம், "கடைல போய் சிடியா வாங்கிக்கோடா" என்கிறார். வேலூரில் எந்தக் கடையிலும் பிசி கேம் சிடி இல்லை. ஏன்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: உங்கள் நைனா சொல்கிற காலம் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2015-ல் ஜிடிஏ 5 பிசிக்கு வந்தபோது ஏழு டிவிடி போட்டுக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இன்ஸ்டால் பண்ண வேண்டும், கடைசியில் நெட்டில் போய் கோட் போட்டால்தான் திறக்கும். அதே வருஷம் வந்த விண்டோஸ் 10, பழைய கேம் சிடிகளில் இருந்த சில திருட்டுத் தடுப்புப் பூட்டுகளை ஓட்டவே மாட்டேன் என்றுவிட்டது. காசு கொடுத்து வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த ஒரிஜினல் சிடிகள் பல அப்படித்தான் செத்தன. இன்றைக்கு லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது.

அதனால் பிசிக்கு டிஜிட்டல்தான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நைனாவிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பிசி கேம் விற்கிற நெட் கடையான ஸ்டீம் 2015 நவம்பரிலிருந்து ரூபாயிலேயே விற்கிறது, யுபிஐயில் கட்டலாம், கார்டு நம்பரே கொடுக்க வேண்டியதில்லை. வாங்கிய 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால், பிடிக்கவில்லை என்று சொல்லியே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்தக் கடையில் உறை பிரித்த சிடியை இப்படித் திருப்பி வாங்குகிறார்கள்? (பிளேஸ்டேஷனில் இந்தத் தாராளம் இல்லை. அங்கேயும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோடை ஆரம்பித்துவிட்டால் பொதுவாகக் கதை முடிந்தது.) எபிக் ஸ்டோர் என்கிற இன்னொரு நெட் கடையில் வாரா வாரம் ஒரு கேமாவது இலவசமாகக் கொடுக்கிறார்கள், அங்கே ஒரு அக்கவுண்ட் போட்டு வையுங்கள். புது கேமை வந்த அன்றே வாங்க வேண்டாம், விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சீசன் சேலில் பாதி விலைக்கு வரும். ஹாஸ்டல் வைஃபையில் டவுன்லோட் பண்ணும்போது ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் ரூம்மேட்டிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: இராணிப்பேட்டையில் என் நண்பன் டெலிகிராமில் 700 ரூபாய்க்கு 4,999 ரூபாய் கேம் வாங்கினான். அக்கவுண்ட் தருவார்கள், நம் பிஎஸ்5-ல் போட்டுக்கொள்ள வேண்டும். நானும் வாங்கலாமா?
– ஆர்., இராணிப்பேட்டை

பதில்: வாங்காதீர்கள். அவர் விற்பது கேம் இல்லை, தன் அக்கவுண்டின் சாவி, அதே சாவியை இன்னொருவருக்கும் விற்றிருப்பார். நாளைக்கு அவர் பாஸ்வேர்டை மாற்றினால் கேமும் போச்சு, அதில் சேமித்த உங்கள் விளையாட்டும் போச்சு. அக்கவுண்ட் விற்பது சோனியின் விதிக்கே விரோதம், அதனால் யாரிடம் போய் நியாயம் கேட்பீர்கள்? 700 ரூபாய்க்கு வேலூரிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தேடினால் ஒரு பழைய பிஎஸ்4 சிடி சட்டப்படியே கிடைக்கலாம்.

கேள்வி: டிஜிட்டலில் வாங்கினால் கேம் நமக்குச் சொந்தமா இல்லையா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– கே., ஆரணி

பதில்: சொந்தமில்லை. விளையாட அனுமதி, அவ்வளவுதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2024-ல் ஒரு சட்டமே போட்டது, வெறும் அனுமதியை விற்கும்போது அதை வாங்குகிறவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று. அதை ஒட்டித்தான் ஸ்டீமிலும் பணம் கட்டும் இடத்தில் 'நீங்கள் வாங்குவது உரிமம்' என்று ஒரு வரி வந்தது. அந்த அனுமதியை வாரிசுக்கு எழுதி வைக்கவும் முடியாது, ஸ்டீம் அக்கவுண்டை உயிலில் மாற்ற விதி இடம் தராது. (பாஸ்வேர்டைத் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போவதை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்பது வேறு.)

'அதனால்தான் சிடி' என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யூபிசாஃப்ட்டின் தி குரூ, 2014-ல் வந்த கார் ரேஸ் கேம், எப்போதும் சர்வரோடு பேசிக்கொண்டே இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். டவுன்லோட் பண்ணியவருக்கும் போச்சு, டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்தவருக்கும் போச்சு. சோனியின் கான்கார்ட் என்கிற ஆன்லைன் கேம் இன்னும் மோசம், 2024 ஆகஸ்டில் வந்து இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. அதில் பணத்தையாவது திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, நெட் இல்லாமல் ஓடுகிற கேமா என்று பாருங்கள், சிடியா டவுன்லோடா என்பது அதற்கு அடுத்துதான். பிசியில் ஜிஓஜி என்று ஒரு கடை இருக்கிறது, பூட்டே இல்லாமல் இன்ஸ்டால் ஃபைலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், ஹார்டு டிஸ்க்கில் காப்பி பண்ணி வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

கேள்வி: வேலூரில் பல வருஷமாக கேம் கடை வைத்திருக்கிறேன். பசங்க வந்து கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, செல்போனில் விலை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கடையை மூடிவிட்டு மொபைல் கவர் விற்கப் போகலாமா அண்ணே?
– பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: உறை பிரிக்காத புது கேமை மட்டும் விற்கிற கடை என்றால், கஷ்டம்தான், உங்களுக்குப் பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் நெட்டால் செய்ய முடியாத வேலை ஒன்று உங்களிடம் இருக்கிறது, பழசை வாங்கி விற்பது. வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் ஒரு போர்டில் எழுதி வெளியே மாட்டுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்கிற பழக்கத்தால்தான் பசங்க ஓடுகிறார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய டிஸ்க்கை வாங்குகிறவர் முன்னாலேயே போட்டு ஓட்டிக் காட்டுங்கள். நாம் பிஎஸ்5 சிடி என்று சொல்கிற புளூ-ரே டிஸ்க்கில் தகவல் இருக்கிற அடுக்கு மேற்பரப்புக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் கீழே, டிவிடி மாதிரி கீறலைத் தேய்த்துச் சரிசெய்கிற வேலை இங்கே நடக்காது, அதனால் வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெட்டியில் கோட் சீட்டு இருந்தால் அது பயன்படுத்தியதா இல்லையா என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் சண்டை வராது.

காட்பாடிப் பக்கம் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்புகிற மாணவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் கன்சோலையே, அதாவது கேம் பெட்டியையே, கொடுத்துவிட்டுப் போவார்கள், அப்போது கையில் ரொக்கம் வைத்திருங்கள். கன்ட்ரோலர் குச்சி தானாக நகருகிற கோளாறைச் சரிசெய்கிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மட்டுமே ஆள் வரும். மொபைல் கவரும் ஒரு ஓரத்தில் மாட்டுங்கள், தப்பில்லை.

முதல் கேள்வி கேட்ட சத்துவாச்சாரி அம்மா உங்கள் கடைக்கு வந்தால் டிஜிட்டல் மாடலைத் தலையில் கட்டிவிடாதீர்கள்.