பட்டறைப் பக்கம்: டிரில் பிட் பெட்டியாக வாங்கலாமா, ஒன்றிரண்டு போதுமா?

கேள்வி: ஐயா, ஓய்வு நேரத்தில் மரவேலை பழகுகிறேன். சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு ஆட்டோ ஹிஞ்ச் (கதவுக்குள் வட்டக் குழியில் பதியும் கீல்) மாட்ட வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஐந்து ஃபோர்ஸ்ட்னர் பிட் (டிரில்லில் மாட்டி, அடி தட்டையான வட்டக் குழி போடுவது) கொண்ட பெட்டி கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: அந்தப் பெட்டியில் பெரும்பாலும் 15, 20, 25, 30, 35 மி.மீ. என ஐந்து அளவு இருக்கும். ஹிஞ்ச்சின் கப், அதாவது கதவுக்குள் பதியும் வட்டக் கிண்ணம், 35 மி.மீ. என்பதால் உங்கள் வேலைக்கு 35 மட்டும் போதும். அதே பணத்துக்கு கார்பைடு (ஸ்டீலைவிடக் கெட்டியான பொருள்) முனை வைத்த 35 மி.மீ. பிட் ஒன்றை வாங்குங்கள். பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு பசை இருக்கிறது. அது சாதாரண கார்பன் ஸ்டீல் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மர நாரையும் தூளையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் அப்படித்தான். மாம்பலகை, வேம்பு போன்ற மரத்தில் எப்போதாவது ஒரு குழி போடுகிறவருக்கு கார்பன் ஸ்டீலே தாங்கும். அவர் அந்தப் பெட்டியை வாங்கினால் குறை சொல்ல மாட்டேன்.

கடையில் வாங்குவதாக இருந்தால் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். பிட்டின் தண்டைக் கண்ணாடி மேசை ஓரத்தில் படுக்க வைத்து, தலை வெளியே தொங்கும்படி விரலால் மெதுவாக உருட்டுங்கள். நடு முனை ஒரே இடத்தில் நின்று சுழன்றால் தண்டு நேராக இருக்கிறது. ஆடினால் வேண்டாம், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அடுத்து, கார்பைடு துண்டை ஒட்டிய இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. வெட்டும் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் உழைத்துக்கொண்டிருக்கும். வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) கையில் இருந்தால் விட்டத்தையும் அளந்துவிடுங்கள். 35 என்று அச்சடித்து 34.5 வந்தால் ஹிஞ்ச் கப் உள்ளே போகாது.

18 மி.மீ. பலகையில் சுமார் 12 மி.மீ. ஆழம் போதும், ஹிஞ்ச் உறையில் போட்டிருக்கும் அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நடு முனை அதற்கும் கீழே இரண்டு மூன்று மி.மீ. போகும் என்பதால், மெல்லிய பலகையில் மறுபக்கம் துளைத்துக்கொண்டு வந்துவிடும். குழியின் ஓரத்துக்கும் கதவின் ஓரத்துக்கும் நடுவே பொதுவாக 4 அல்லது 5 மி.மீ. விடுவோம். அப்படியானால் மையப்புள்ளி கதவு ஓரத்திலிருந்து 21.5 அல்லது 22.5 மி.மீ. கதவில் கை வைக்கும் முன் ஒரு கழிவுத் துண்டில் குழி போட்டு ஹிஞ்சைப் பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: பழைய புளியமரப் பலகையில் குழி போட்டால் புகை வருகிறது, குழி கறுத்துவிடுகிறது. பிட் மட்டமா? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பிட்டைக் குறை சொல்லும் முன் வேகத்தைப் பாருங்கள். கறிக்கடையில் வெட்டுக் கட்டையாகப் போடுவது புளியைத்தான். அவ்வளவு கெட்டியான மரம். 35 மி.மீ. பிட்டின் விளிம்பு ஒரு சுற்றுக்கு 11 செ.மீ. ஓடுகிறது. சின்ன 10 மி.மீ. கை டிரில்கள் பலவும் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்தில் விளிம்பு ஒரு நிமிடத்தில் 275 மீட்டர் மரத்தில் உரசுகிறது, எந்த பிட்டாக இருந்தாலும் கருகத்தான் செய்யும். 35-க்கு 500 சுற்று, 25-க்கு 700 அல்லது 800, 15-க்கு ஆயிரத்தைத் தாண்டலாம். கெட்டி மரத்தில் இதுதான் என் கணக்கு. மாம்பலகையில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

ஆகையால் வேகம் குறைக்க முடிகிற 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) கொண்ட டிரில் வாங்குவது, விலை உயர்ந்த பிட் வாங்குவதைவிட அதிகம் பயன் தரும். அப்புறம், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். சில மி.மீ. இறங்கியதும் பிட்டைத் தூக்கித் தூளை ஊதிவிட்டு மறுபடி இறக்குங்கள். குழிக்குள் அடைந்த தூள்தான் பாதிச் சூட்டுக்குக் காரணம். முனை நீலமாகிவிட்டால், அது சாதாரண ஸ்டீல் என்றால் அந்த இடத்தின் உறுதி போய்விட்டது. முக்கியமாக, பலகையைக் கிளாம்பில் இறுக்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். பெரிய பிட் மாட்டிக்கொண்டால் மணிக்கட்டைத் திருகிவிடும். எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

கேள்வி: மழுங்கிய பிட்டை வீட்டிலேயே தீட்ட முடியுமா? – வாசகி, ஓசூர்

பதில்: முடியும். உள்ளே கிடக்கும் இரண்டு தட்டையான வெட்டு விளிம்புகளையும் சின்ன டைமண்ட் அரத்தால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள். வட்ட விளிம்பை உள்பக்கமாக மட்டும் தீட்ட வேண்டும். உருண்டைக் குச்சியில் எமரி தாளைச் சுற்றினால் போதும். வெளிப்பக்கம் தேய்த்தால் விட்டம் குறைந்துவிடும், பிட் அத்தோடு போயிற்று. வட்ட விளிம்பு தட்டை விளிம்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்தே இருக்கட்டும், முதலில் அது கீறினால்தான் குழியின் ஓரம் பிசிறில்லாமல் வரும். கார்பைடு முனைக்கு டைமண்ட் தவிர வேறு அரம் வேலைக்கு ஆகாது.

கேள்வி: போல்ட் தலை உள்ளே மறைய அகலக் குழியும், அதன் நடுவே முழுத் துளையும் வேண்டும். எதை முதலில் போடுவது? – வாசகர், அரூர்

பதில்: அகலக் குழியை முதலில். சின்னத் துளையை முதலில் போட்டுவிட்டால் பிட்டின் நடு முனைக்குப் பிடிக்க மரம் இருக்காது, கை டிரில்லில் வழுக்கி ஓடும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், துளைக்குள் ஒரு மர ஆப்பை இறுக்கமாக அடித்து மட்டமாக வெட்டிவிட்டு, அதன் நடுவில் புள்ளி குறித்து ஆரம்பியுங்கள். முழுத் துளை போடும்போது பலகைக்கு அடியில் ஒரு கழிவுத் துண்டை ஒட்டி இறுக்குங்கள், பின்பக்கம் பெயராது.