கடலோரத் திராட்சைத் தோட்டம்தான் வேண்டும் என்கிற மகளைப் பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒயின் தயாரிப்பு படித்து, வெயிலும் ஈரமும் மிகுந்த கடலோரத்தில் வேலை பார்க்கப் போவதாக மகள் சொல்கிறாள், இதில் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அந்தப் பகுதிகளில் இந்த வேலை, இலையைப் புரட்டிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

காற்றில் ஈரம் தங்கினால் இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்து அடிச்சாம்பல் நோய் வரும். பழுக்கிற சமயத்தில் மழை பிடித்தால் கொத்தோடு அழுகும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் பியர்ஸ் நோய் என்று இன்னொன்று. தத்துப்பூச்சிகள் பரப்பும் பாக்டீரியா கொடிக்குள் நீர் ஏறும் பாதையை அடைத்து, சில வருடங்களில் கொடியையே காய வைத்துவிடும். பேர்பெற்ற ஐரோப்பிய ரகங்கள் அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். அதனால்தான் புளோரிடா பல்கலைக்கழகம் 1987-இல் வெளியிட்ட பிளாங்க் டு புவா போன்ற, நோய் தாங்கும் ரகங்களை நடுகிறார்கள். ஸ்பெயினின் ரியாஸ் பைஷாஸில் வெப்பம் குறைவு, ஈரம் அதிகம். அங்கே கல்தூண் நட்டு, கொடியை உயரமான பந்தலில் ஏற்றிக் காற்றோட விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் செமியோன் திராட்சையைச் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே, புளிப்பு இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். வெப்பத்தில் புளிப்பு வேகமாக இறங்கும், அது இறங்கினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

எனவே நேராக ஒயின் பட்டத்தில் சேர்வதைவிட, தாவர நோயியல் அல்லது நுண்ணுயிரியலில் இளநிலை முடித்துவிட்டு, முதுநிலையில் ஒயின் தயாரிப்புக்குப் போவது நல்லது என்பேன். மனம் மாறினாலும் அந்தப் படிப்புக்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

சுற்றுலாப் பக்கத்தை அவள் குறைவாக நினைக்க வேண்டாம். சிறிய தோட்டங்கள் பலவற்றுக்கு, வருகிறவர்களைச் சுற்றிக் காட்டி, ருசி பார்க்கக் கொடுத்து, அங்கேயே விற்பதுதான் முக்கிய வருமானம். அறிமுகமில்லாத ரகத்தைப் புரியும்படி எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம். இன்னொரு மொழி தெரிந்தால் இன்னும் நல்லது.

குடிப்பழக்கம் வந்துவிடுமோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. தொழிலில் இருப்பவர்கள் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள், பயிற்சியிலேயே அதைப் பழக்குகிறார்கள். ஆனாலும் கையெட்டும் தூரத்தில் மது இருக்கும் தொழில்தான். அதைப் பற்றி அவளோடு வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு அறுவடைக் காலம் வேலை செய்து பார்க்கட்டும். வடக்கு அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தெற்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. வெயிலுக்கு முன் பறிக்க நள்ளிரவில் எழ வேண்டும், நாள் முழுக்கத் தொட்டி கழுவ வேண்டும். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சடைக்க வைக்கும். அதற்கான பாதுகாப்புப் பயிற்சி தருகிறார்களா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

திரும்பி வந்து, அடுத்த அறுவடைக்கும் போகிறேன் என்று அவளாகச் சொன்னால், அப்புறம் கல்லூரிப் பட்டியலோடு இருவரும் வாருங்கள்.