தூங்கி எழுந்தால் காணாமல் போகும் வைஃபை: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. சில வாரங்களாக, மூடிவைத்துத் திறந்தால் வைஃபை குறி மறைந்து உருண்டை போன்ற குறி மட்டும் தெரிகிறது. ஷட் டவுன் செய்து இயக்கினாலும் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் வருகிறது. கடையில் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: இப்போதைக்கு மதர்போர்டை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். ஷட் டவுனில் வராத வைஃபை ரீஸ்டார்ட்டில் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தடயம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. இது இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழுமையான அணைப்பு அல்ல. டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) அப்போது இருந்த நிலையை வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொண்டு கணினி எழுகிறது. ஆகவே குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடே திரும்பி வரக்கூடும். ரீஸ்டார்ட் அப்படியல்ல, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

அடுத்த முறை வைஃபை மறையும்போது, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அதுதான் முழு அணைப்பு. பிறகு சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்திருந்து, சற்றுப் பொறுத்து இயக்குங்கள். உள்ளே தங்கிய மின்சாரத்தால் சிக்கி நின்ற வைஃபை கார்டு பல நேரங்களில் இதிலேயே மீண்டுவிடும். மீண்டால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள்.

மீளாவிட்டால், ஸ்டார்ட் பட்டனை வலது சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘வியூ’ பட்டியலில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லி, நெட்வொர்க் அடாப்டர்களைப் பாருங்கள். கார்டின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு இருந்து, அதன் விவரத்தில் கோட் 10 அல்லது 43 என்று வந்தால், விண்டோஸ் கார்டைக் கண்டுகொண்டது, ஆனால் இயக்க முடியவில்லை என்று பொருள். பெயர் மங்கலாக, கோட் 45 என்று வந்தால், கார்டே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் நிலையில் டிரைவரைக் கவனிக்க வேண்டும். அண்மையில் வந்த புதுப்பிப்புக்குப் பின் தொல்லை தொடங்கியிருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பும் ‘ரோல் பேக் டிரைவர்’ போதும். இல்லையென்றால் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்து நிறுவுங்கள். இணையத்துக்குக் கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்துகொள்ளலாம், அதாவது கைபேசியின் இணையத்தைக் கணினியோடு பகிரலாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் விவரத்தில் உள்ள பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியையும் எடுத்துவிடுங்கள். ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற புதுவகைத் தூக்க நிலை கொண்ட கணினிகளில் அந்தப் பகுதியே இராது. அது கோளாறு அல்ல.

இரண்டாவது நிலையில், எதையும் கழற்றுமுன் விண்டோஸுக்கு மாற்றான ‘உபுண்டு’ என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். அங்கே வைஃபை தொல்லையின்றி இயங்கினால் குற்றம் விண்டோஸ் பக்கம். கார்டு அங்கும் தெரியாவிட்டால் வன்பொருள் பக்கம். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும், ஆனால் பெரிய செலவுக்கு முன் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வன்பொருள்தான் என்றாலும் அது மதர்போர்டு என்று ஆகிவிடாது. பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை கார்டு தனித் துண்டு: 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், ஒரே திருகு, மேலே கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா கம்பிகள். கார்டைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். அப்போது கம்பிகளின் முனைகளையும் பாருங்கள்; விசிறி சுத்தம் செய்து வந்த ஒரு கணினியில் கறுப்புக் கம்பி கழன்று கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், ரவுட்டருக்கு அருகிலேயே ஒற்றைக் கோடுதான் காட்டியது.

புதிய கார்டு வாங்கினால் பழையதன் பெயரைப் பார்த்து வாங்குங்கள். இன்டெல் ஏஎக்ஸ்201 அதற்கு ஏற்ற இன்டெல் செயலிகளில் மட்டுமே இயங்கும். ஏஎக்ஸ்200 ஏஎம்டி கணினிகளிலும் இயங்கும். மெல்லிய சில மாடல்களில் கார்டு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். உங்களுடையது அப்படி இருந்தாலும், யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் ஒன்று வேலையை முடித்துவிடும்.